வெறுங்கையில் பாதி

தை மாதம் 31ஆம் திகதி புனித டொன் பொஸ்கோவின் திருநாள். நம்மவர் வீடுகள் பலவற்றில் அவருடைய படம் இருக்கிறது. கறுப்பு அங்கி, சுருண்ட தலைமுடி, சிரித்த முகம், சுற்றிலும் பையன்கள். இந்த ஆண்டு அந்தப் படத்தின் முன் நின்று அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கேள்வி நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. கல்முனைக் கரையோரத்தில் நாம் சிறு தொகையினர். பெரியநீலாவணையிலிருந்து அக்கரைப்பற்று வரை முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறிக் கோத்த மணிகள்போல் கிடக்க, நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஆனால் பிள்ளைகளின் படிப்பு என்று வந்துவிட்டால் எல்லா வீடும் ஒரே வீடுதான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் சைக்கிள். தவணைப் பரீட்சையில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் கைத்தொலைபேசி. ஞாயிறு மறைக்கல்விக்குத் தவறாமல் வந்தால் வருட முடிவில் பரிசு. இப்படிப் பேசிப் பேசிப் பழக்கிய பிள்ளை, ஒருநாள் மாலையில் செபமாலைக்கு முழந்தாளிடச் சொன்னதும், சொன்னால் தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறது. தாய்க்குக் கோபம் வருகிறது. அந்தக் கணக்கைப் பழக்கியவர்கள் யார் என்பது கோபம் ஆறிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

முன்பு பிரம்பு இருந்தது. இப்போது பிரம்பை எடுக்க மனமில்லை, எடுக்கவும் கூடாது. பிரம்பு நின்ற மூலையில் சைக்கிள் வந்து நிற்கிறது. பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த டொன் பொஸ்கோ பரிசு கொடுத்தவரும்தான், அதுவும் தாராளமாக. எனவே அவரிடம் கேட்பதே பொருத்தம்.

டொன் என்பது அவர் பெயரல்ல. இத்தாலியர் குருக்களின் பெயருக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல், நாம் சுவாமி என்பதுபோல. பெயர் ஜொவான்னி பொஸ்கோ, அதாவது யோவான். 1815ஆம் ஆண்டு ஆவணி 16ஆம் திகதி, வட இத்தாலியில் துரின் நகருக்குக் கிழக்கே பெக்கி என்னும் குடியானவர் குறிச்சியில் பிறந்தார். இரண்டு வயது நிறைவதற்குள், 1817இல், தந்தை நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். மழை பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. தாய் மார்கரீத்தா கைம்பெண்ணாக, மூத்த தாரத்து மகன் அந்தோனியையும், தன் பிள்ளைகள் யோசேப்பையும் யோவானையும், வயோதிப மாமியாரையும் வைத்துக்கொண்டு அந்தப் பஞ்சத்தைக் கடந்தார்.

இந்தத் தாயைப் பற்றிச் சில வரிகள் அதிகம் எழுதத்தான் வேண்டும். எழுத்தறியாத பெண். அவர் சமையற்கட்டின் மூலையில் ஒரு கம்பு சாத்தப்பட்டிருந்ததாம். அது அங்கேயே இருந்தது, பிள்ளைகளின் முதுகுக்கு வரவேயில்லை. ஒருநாள் சிறுவன் யோவான் உயரத்திலிருந்த எதையோ எட்டி எடுக்கப் போய் எண்ணெய்ச் சாடியைத் தட்டிவிட்டான். சாடி உடைந்து எண்ணெய் நிலமெல்லாம் ஓடியது. தாய் சந்தையிலிருந்து வருவதற்குள் அவன் வேலியில் ஒரு கம்பை வெட்டி, தோலைச் சீவிக் கோலம்போட்டு அழகாக்கி, பாதிவழியில் அவருக்கு எதிரே போய் நடந்ததைச் சொல்லி, தன்னை அடிப்பதற்கென்று அதை நீட்டினான். அவர் சிரித்துவிட்டார்.

இன்னொரு நாள் யோசேப்பும் யோவானும் வெயிலில் நடந்து தாகத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். தாய் தண்ணீரை முதலில் மூத்தவனுக்குக் கொடுத்தார். இளையவனுக்கு ரோசம். தன் முறை வந்தபோது வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். தாய் கெஞ்சவுமில்லை, ஏசவுமில்லை. பேசாமல் பாத்திரத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். சற்று நேரத்தில் அவனே வந்து தனக்கும் தண்ணீர் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான், மன்னிப்பும் கேட்டான். தண்ணீர் கிடைத்தது. நம் வீட்டில் அதே காட்சி நடந்தால் இனிப்பு ஒன்றைக் காட்டியல்லவா தண்ணீரைக் குடிக்க வைப்போம்!

பத்துப் பதினொரு வயதில் யோவான் ஒரு வித்தைக்காரனாகிவிட்டான். சந்தைகளில் கழைக்கூத்தாடிகளைப் பார்த்து, விழுந்தெழும்பி அவர்களின் வித்தைகளைக் கற்றுக்கொண்டான். ஞாயிறு பின்னேரங்களில் பெக்கிப் புல்வெளியில் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அதன்மேல் நடந்தான். கைகளை ஊன்றித் தலைகீழாக நடந்தான். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து முட்டைகளை எடுத்துக் காட்டினான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மட்டுமன்றிப் பெரியவர்களும் கூடினார்கள். பார்க்கக் காசு வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: முதலில் செபமாலை, பிறகு ஒரு பாட்டு, பிறகு காலையில் கோவிலில் கேட்ட பிரசங்கத்தை அவன் கதிரைமேல் ஏறி நின்று திருப்பிச் சொல்வான், அதையும் கேட்க வேண்டும். செபத்துக்கு நில்லாதவனுக்கு வித்தையும் இல்லை. கயிறு முதலிய சாமான்கள் வாங்கும் செலவுக்கு அவன் பறவை பிடித்து விற்றான், காளான் பொறுக்கினான், வைக்கோல் தொப்பி பின்னினான்.

செபத்துக்குக் கூலி கேட்கும் பிள்ளையைப் பற்றி மேலே குறைப்பட்டுக்கொண்டோமே, இதுவும் அதுவேதானே என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரு புனிதர் செய்தார் என்பதற்காக அதை மழுப்பத் தேவையில்லை. பதினொரு வயதுச் சிறுவன் செபத்துக்கு விலை போட்டான் என்பது உண்மை. ஆனால் அவன் காட்டிய பரிசு கடையில் வாங்கியதல்ல. வாரம் முழுவதும் வயலில் உழைத்த பையன் கிடைத்த நேரத்தில் பழகி, காயப்பட்டு, தன் உடம்பால் கொடுத்தது. செபமாலையையும் அவனே முன்னின்று சொன்னான். கூட்டம் வந்தது கயிற்றுக்காகவா அவனுக்காகவா என்று பிரித்துச் சொல்வது கடினம். இந்த விடயத்தில் அவர் மனம் பிற்காலத்தில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அந்த வயதில் அவனை வருத்திய ஒன்று இருந்தது. ஊர்க் குருக்கள் வீதியில் எதிர்ப்படும்போது ஓடிப்போய் வணங்குவான். அவர்கள் மரியாதையோடு பதில் வணக்கம் செலுத்திவிட்டு, தம் வழியே போய்விடுவார்கள். நல்லவர்கள்தான், கெட்ட வார்த்தை சொன்னவர்களல்லர். ஆனால் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் குருவானால் பிள்ளைகளிடம் தானே போய்ப் பேசுவேன் என்று அவன் அப்போதே மனத்தில் முடிபோட்டுக்கொண்டான்.

1829ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். பக்கத்து ஊரில் விசேட ஞான ஒடுக்கப் பிரசங்கங்கள் நடந்தன. ஊர்சனம் கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்பியது. அந்தக் கூட்டத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் தனியே நடந்துவருவதை, பெக்கிக்கு அருகே மொறியால்தோ என்னுமிடத்தில் இருந்த டொன் கலோசோ என்ற முதிய குரு கவனித்தார். விளையாட்டாக ஒரு பந்தயம் பேசினார்: கேட்ட பிரசங்கத்திலிருந்து நாலு வார்த்தை சொன்னால் நாலு காசு தருவதாக. பையன் எந்தப் பிரசங்கம் வேண்டும், முதலாவதா இரண்டாவதா என்று கேட்டான். பிறகு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒப்புவிக்கத் தொடங்கினான். கிழவர் நடையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிற்காலத்தில் டொன் பொஸ்கோ தம் இளமைக் காலத்தை எழுதியபோது இந்தச் சம்பவத்தை வரிக்கு வரி நினைவுகூர்ந்திருக்கிறார். நாலு காசு கைமாறியதா என்பதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அவர் நினைவில் தங்கியது வேறு. அந்தக் குரு தன் பெயரைக் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டார். படிக்க ஆசையா, ஏன் ஆசை என்று கேட்டார். அடுத்த வாரமே தாயை அழைத்துப் பேசி, லத்தீன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். முதன்முதலாகத் தன் மனத்தைத் திறந்து காட்ட ஒரு மனிதர் கிடைத்தார் என்பதே யோவானுக்குப் பெரிய செல்வமாக இருந்தது.

ஓராண்டுதான். 1830ஆம் ஆண்டு கார்த்திகையில் டொன் கலோசோ பக்கவாதத்தில் விழுந்தார். செய்தி கேட்டு யோவான் ஓடினான். பேச முடியாத அவர், தம் பணப்பெட்டியின் சாவியை எடுத்துப் பையன் கையில் வைத்து, வேறொருவருக்கும் கொடுக்காதே என்று சைகை காட்டினார். பணம் அவனுக்கே என்பது அங்கிருந்தவர்களுக்குப் புரிந்தது. அவன் குரு மடத்தில் படித்து முடிக்கப் போதிய பணம். அவர் இறந்து உறவினர் வந்தபோது யோவான் சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டான். பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை. அவன் அழுதது அந்த மனிதருக்காக. நெடுநாள் அழுதான்.

அதன்பின் கியேரி நகரில் பிச்சைச் சோறு என்று சொல்லத்தக்க நிலையில் படிப்பு. தையற்காரன், கொல்லன், கோப்பிக்கடைப் பையன் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டே குரு மடம். 1841ஆம் ஆண்டு ஆனி 5ஆம் திகதி குருப்பட்டம். ஆறு மாதம் கழித்து மார்கழி 8ஆம் திகதி, அமலோற்பவ அன்னையின் திருநாளன்று, துரின் நகரத்துப் புனித பிரான்சிஸ் அசீசியார் ஆலயத்தில் திருப்பலிக்காக உடையணிந்துகொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கியோ என்னவோ பதினாறு வயதுப் பையன் ஒருவன் சக்கிறிஸ்துக்குள் நுழைந்தான். கோவில் பணியாளர் அவனைப் பூசைக்கு உதவி செய்யச் சொன்னார். தெரியாது என்றதும் தும்புத்தடியால் அடித்து விரட்டினார். டொன் பொஸ்கோ குரலெழுப்பினார். அவன் தன் நண்பன், உடனே திரும்ப அழைத்துவரும்படி சொன்னார்.

பர்த்தொலொமேயோ கரெல்லி என்ற அந்தப் பையன் தாய்தகப்பன் இல்லாத கட்டடக் கூலி. எழுதத் தெரியுமா, வாசிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டதற்கெல்லாம் இல்லை என்றே சொன்னான். சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டபோதுதான் சிரித்தான். சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து அன்றைக்கே பாடம் தொடங்கியது. அடுத்த ஞாயிறு அவன் தன் கூட்டாளிகளோடு வந்தான். அவனை வரவழைக்க ஒரு பரிசும் பேசப்படவில்லை.

பரிசே இல்லாமலும் இல்லை. அந்த ஆரம்ப வருடங்களில் ஞாயிறு தோறும் வரும் பையன்களுக்குப் பாண், பழம், சுரூபப் படம், பதக்கம், கந்தல் உடுத்தவனுக்குச் சட்டை, சப்பாத்து என்று ஏதாவது கொடுத்துக்கொண்டேயிருந்தார். நல்லவனுக்கு மட்டும் என்று அளந்து கொடுத்ததில்லை. ஓடிவந்தவனுக்கெல்லாம் கொடுத்தார்.

1845இல் அப்படி ஒருநாள் பதக்கம் பங்கிட்டார். பையன்கள் முண்டியடித்தார்கள். மிக்கேல் ரூவா என்ற எட்டு வயதுச் சிறுவன் பின்னால் நின்றான். சமீபத்தில்தான் அவன் தகப்பன் இறந்திருந்தார். அவன் முறை வந்தபோது பதக்கம் தீர்ந்துவிட்டது. டொன் பொஸ்கோ தம் வெறும் இடது கையை அவன்முன் நீட்டி, வலது கையால் அதைப் பாதியாக வெட்டுவதுபோல் செய்து, எடுத்துக்கொள் என்றார். சிறுவன் ஒன்றும் புரியாமல் அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சில வருடங்களுக்குப் பின், ரூவா குருத்துவ மாணவனுக்குரிய அங்கியை அணிந்த காலத்தில், அதன் பொருள் என்னவென்று கேட்டான். வாழ்க்கையில் எல்லாவற்றையும் நாம் இருவரும் பாதிப்பாதியாகப் பங்கிடுவோம் என்பதுதான் பொருள் என்று டொன் பொஸ்கோ விளக்கினார். பதக்கம் பெற்றுப் போன பையன்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

மறு ஆண்டு வால்தொக்கோ என்ற ஒதுக்குப்புறத்தில், பினார்தி என்பவருடைய கொட்டில் ஒன்றை வாடகைக்குப் பெற்று, உயிர்ப்புப் பெருவிழாவன்று நிலையான ஓர் இடத்தில் குடியேறினார்கள். ஓய்வின்றி உழைத்த குரு ஆடி மாதத்தில் நோயில் விழுந்தார். பிழைக்க மாட்டார் என்ற நிலை. அப்போது கொத்தன் கையாட்களும் கல் சுமப்பவர்களுமான அந்தப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கடும் வெயிலில் வேலை செய்துகொண்டே பாணும் தண்ணீரும் மட்டும் உண்டு நோன்பிருந்தார்கள். இரவு பகலாக முறைவைத்து ஆறுதல் மாதாவின் ஆலயத்தில் முழந்தாளில் நின்றார்கள். பிழைத்தால் ஆயுள் முழுவதும் தினமும் செபமாலை சொல்வதாகப் பொருத்தனை செய்தவர்களும் உண்டு. எழுந்து வந்த டொன் பொஸ்கோ முதலில் செய்த காரியம், நிறைவேற்ற முடியாத பெரிய பொருத்தனைகளை அவரவர் தாங்கக்கூடிய சிறியவையாக மாற்றிக் கொடுத்ததுதான். அதே ஆண்டு கார்த்திகையில் தாய் மார்கரீத்தா, ஐம்பத்தெட்டு வயதில், பெக்கி வீட்டை விட்டு மகனோடு வந்துவிட்டார். அந்தத் தாயின் கை பட்ட பிறகுதான் கொட்டில் வீடானது.

இங்கே நம் ஊர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நோன்பு மாதத்தில் அயல் வீடுகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளை முதன்முதலாக முழு நோன்பு பிடிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பகலில் உம்மாவே போதும் மகனே, தண்ணீர் குடி என்று இரங்குவார். பிள்ளை கேட்காது. மாலையில் பாங்கு சொன்னதும் வாப்பாவுக்குப் பக்கத்தில், பெரியவர்களோடு ஒரே விரிப்பில், பேரீச்சம்பழத்தோடும் கஞ்சிக் கோப்பையோடும் அதற்கு ஓர் இடம். அந்த இடத்துக்காகத்தான் பிள்ளை பகல் முழுவதும் தாங்குகிறது என்றே தோன்றுகிறது. பெருநாள் காசு பிறகு வரும். அது நோன்பு பிடித்த பிள்ளைக்கும் பிடிக்காத பிள்ளைக்கும் ஒன்றாகவே கிடைக்கும். நமது தபசு காலத்தில் நம் பிள்ளைகளுக்கு எந்த விரிப்பில் இடம் வைத்திருக்கிறோம்?

துரினுக்குத் திரும்புவோம். பையன்களை வேலைக்கு அமர்த்தும்போது டொன் பொஸ்கோ முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார். 1852ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தச்சுத் தொழில் பழகப்போன ஒரு பையனுக்காக எழுதிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. பழக்கும் தச்சர் பையனை வார்த்தையால் திருத்த வேண்டும், அடித்துத் திருத்தக் கூடாது. தொழில் கைவரக் கைவரக் கூலியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். இங்கே காசு வருகிறது, கவனியுங்கள். உழைப்புக்குக் கூலி கொடுப்பதில் டொன் பொஸ்கோ கறாரானவர். கூலி வேறு, பரிசு வேறு என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. கடையில் உதவி செய்த பிள்ளைக்குக் காசு கொடுக்கும் தகப்பனை அவர் குறைசொல்ல மாட்டார்.

வால்தொக்கோ விடுதியில் ஆண்டுக்கு ஒருமுறை, புனித பிரான்சிஸ் சலேசியார் திருநாளில், நன்னடத்தைக்குப் பரிசு வழங்கப்பட்டது. யாருக்கு என்பதை முடிவு செய்தவர்கள் ஆசிரியர்களல்லர், பையன்களே. தம்முள் சிறந்தவர் என்று கருதியோரின் பெயர்களை ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர் முகத்துக்கு முன்னால் நல்லவனாக நடப்பவனைப் படுக்கையறையிலும் சாப்பாட்டு மேசையிலும் கூட இருக்கும் தோழன் அறிவான். எங்கள் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் வருடா வருடம் அதே நாலு பிள்ளைகள் மேடையேறுவதையும், மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருந்து கைதட்டிக் கைதட்டி அலுத்துப்போவதையும் பார்க்கும்போது இந்தச் சீட்டு முறை நினைவுக்கு வருகிறது.

1855ஆம் ஆண்டு ஆனி 24ஆம் திகதி, தமது நாமகரணத் திருநாளின் மகிழ்ச்சியில், தம்மிடம் வேண்டும் பரிசை எல்லோரும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரலாம், முடிந்ததைக் கொடுப்பேன் என்று அறிவித்தார். சிரிப்புக்கிடமான வேண்டுகோள்களும் வந்தனவாம். அவற்றுள் ஒன்று தோமினிக் சாவியோ என்ற பதின்மூன்று வயதுப் பையனுடையது. தன்னைப் புனிதனாக்க உதவும்படி ஒரே வரியில் கேட்டிருந்தான். டொன் பொஸ்கோ அவனை அழைத்து அந்தப் பரிசையும் கொடுத்தார். கொடுத்தது என்ன? எப்போதும் மகிழ்ச்சியாயிரு, உன் படிப்பையும் செபத்தையும் ஒழுங்காகச் செய், தோழர்களுக்கு உதவு என்ற மூன்று புத்திமதிகள். கடுந்தபசு செய்ய விரும்பிய பையனை அவர் அதிலிருந்து தடுத்தார். சாவியோ 1857ஆம் ஆண்டு பங்குனியில், பதினைந்து வயது நிறையுமுன் இறந்தான். 1954இல் திருச்சபை அவனைப் புனிதனாக உயர்த்தியது.

அதே 1855ஆம் ஆண்டைப் பற்றிச் சலேசிய சபையார் பரம்பரையாகச் சொல்லிவரும் ஒரு செய்தியும் உண்டு. துரினில் ஜெனராலா என்ற சிறுவர் சீர்திருத்தச் சிறை இருந்தது. அங்கே ஞான ஒடுக்கம் நடத்தி முடித்த டொன் பொஸ்கோ, அந்தச் சிறுவர்களை ஒருநாள் வெளியே கூட்டிப்போக அனுமதி கேட்டார். காவலர் ஒருவரும் வரக்கூடாது என்றும் கேட்டார். அமைச்சர் ரத்தாசி வியப்போடு இசைந்தார். சுமார் முந்நூறு பேர் ஸ்தூப்பினிஜி என்னும் இடத்துக்கு நடந்து போய், ஆற்றங்கரையில் விளையாடி, மாலையில் திரும்பினார்கள். களைத்துப்போன குருவைச் சாமான் சுமந்த கழுதைமேல் ஏற்றி, சாமானைத் தாங்கள் சுமந்துகொண்டார்களாம். எண்ணிப் பார்த்தபோது ஒருவனும் குறையவில்லை. ஒழுங்காக நடந்தால் வெளியே கூட்டிப்போவேன் என்று அவர் பேரம் பேசவில்லை. முதலில் கூட்டிப்போனார். ஒழுங்கு பின்னால் வந்தது.

1877இல், பிரான்சில் நீஸ் நகரத்து இல்லத்தைத் திறந்துவைத்த காலத்தில், தமது கல்வி முறையைச் சில பக்கங்களில் எழுதினார். அறுபத்திரண்டு வயதை நெருங்கியவர் எழுதியது. பெக்கிப் புல்வெளிச் சிறுவனை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். பிள்ளைகளைத் திருவருட்சாதனங்களுக்கு ஒருபோதும் கட்டாயப்படுத்தாதீர்கள் என்கிறார். ஊக்கம் கொடுங்கள், வசதி செய்துகொடுங்கள், அவ்வளவுதான். ஓடவும் குதிக்கவும் கூச்சலிடவும் தாராளமாக விடுங்கள் என்கிறார். விளையாட்டைச் செபத்தின் கூலியாக்கும் நிபந்தனை அங்கே இல்லை. அடிப்பதும், நோகும்படி முழந்தாளில் நிறுத்துவதும், காதைத் திருகுவதும் கூடவே கூடாது என்கிறார். பரிசைப் பற்றி அவர் சொல்வது மிகச் சுருக்கம். பிள்ளை நன்றாகச் செய்தபோது ஒரு பாராட்டு, அசட்டை பண்ணியபோது ஒரு கண்டிப்பு. பிள்ளைக்கு அதுவே பெரிய பரிசும் பெரிய தண்டனையும் என்பது அவர் அனுபவம். அன்பு நீங்கிய ஒரு பார்வை சிலருக்கு அறையைவிட வலிக்கும் என்றும் எழுதுகிறார். ஆனால் வழக்கமாக அன்போடு பார்க்கும் முகத்துக்குத்தானே அப்படி ஒரு பார்வை இருக்க முடியும்? நாள் முழுவதும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது.

விஞ்ஞானிகள் இதே இடத்துக்கு வேறு வழியால் வந்தார்கள். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து மார்க் லெப்பரும் தோழர்களும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடையே செய்த ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட பிள்ளைகள் அவர்கள். சிலருக்கு வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே பேசிப் பரிசு பெற்ற பிள்ளைகள் படம் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குன்றவில்லை. இதைக் கொண்டு எல்லாப் பரிசும் தீது என்று முடிவுகட்டக் கூடாது. பல் துலக்க அடம்பிடிக்கும் நாலு வயதுப் பிள்ளையை ஒரு நட்சத்திரப் படம் கொடுத்துப் பழக்குவதில் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஆசையாகச் செய்வதற்கு விலை பேசுவதுதான் ஆபத்து. நம் பிள்ளைகள் பலர் செபத்தை ஆசையாகத்தான் தொடங்குகிறார்கள்.

1884ஆம் ஆண்டு வைகாசி 10ஆம் திகதி டொன் பொஸ்கோ உரோமையிலிருந்து வால்தொக்கோ இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லம் பெருத்துவிட்டது. வகுப்புகளும் விதிகளும் பரிசுகளும் எல்லாம் இருந்தன. ஆனால் முன்பிருந்த ஏதோ ஒன்று இல்லை. விளையாட்டு நேரத்தில் குருக்கள் பையன்களோடு நிற்கவில்லை. தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒதுங்கி நடந்தார்கள். கிழவருக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுகிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினார். அவர்கள் விரும்பும் விளையாட்டை நீங்கள் விரும்பினால், நீங்கள் விரும்பும் படிப்பையும் ஒழுக்கத்தையும் அவர்கள் விரும்பக் கற்றுக்கொள்வார்கள் என்றும் எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வணக்கம் செலுத்திவிட்டுத் தம் வழியே போன அந்தக் குருக்கள் மீண்டும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

1887ஆம் ஆண்டு மார்கழியில் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில், தம் பையன்கள் எல்லோருக்காகவும் மோட்சத்தில் காத்திருப்பதாக அவர்களிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நல்லவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை, எல்லோருக்காகவும் என்றார். 1888ஆம் ஆண்டு தை மாதம் 31ஆம் திகதி, விடியுமுன் இருளில், சபையார் கட்டிலைச் சுற்றி முழந்தாளில் நின்றார்கள். கை அசைவற்றுப் போயிருந்தது. இறுதி ஆசீர் கேட்டு அந்த வலது கையைத் தம் கையால் தாங்கித் தூக்கி, ஆசீர் வார்த்தைகளையும் அவருக்காகத் தாமே சொன்னவர், சபையின் அடுத்த தலைவரான டொன் மிக்கேல் ரூவா.